கண்ணுக்குள்ளிருந்து ஒரு மில்லிலீற்றர்

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்த கதை யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரியும். 2011 இல் நாட்டின் தென்கோடியான தேவேந்திரமுனையில் புறப்பட்டுப் பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் அது கட்டப்பட்டது. 2013 இல் திறந்தார்கள். சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்கு அலைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த அலைச்சல் குறைந்தது.

அங்கென்ன, உலகின் எந்தப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் மருந்து ஏற்றுவதற்கு முன் பெரும்பாலும் ஒரு கடதாசி வந்து சேர வேண்டும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது இன்ன வகைப் புற்று என்று நோயியல் நிபுணர் எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கை அது. மார்பில் கட்டியென்றால் ஊசியால் குத்தி எடுத்துவிடலாம். குடலென்றால் குழாய் விட்டுக் கிள்ளி எடுக்கலாம். புற்று கண்ணுக்குள் இருந்தால்?

விழித்திரையில் கிள்ளிய இடம் மறுபடி வளராது. அந்த இடத்துப் பார்வை போனது போனதுதான். அதனால்தான் கண் வைத்தியத்தில் ஒரு வினோதம் நெடுங்காலம் நிலவியது. உடம்பை வெட்டாமலே உள்ளே இரத்தக் குழாய்களையும் நரம்பையும் நேரே பார்க்கக்கூடிய ஒரே உறுப்பு கண். 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்காட்டியை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து வைத்தியர்கள் உள்ளே பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் பார்த்ததிலிருந்து துளியை எடுத்துச் சோதிக்க வசதியான வழி பிறக்க மேலும் நூற்றிருபது ஆண்டுகள் எடுத்தன.

அந்தத் துளி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நோயாளியை எண்ணிக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர். "கண்ணுக்குள்ள நுளம்பு பறக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கிளினிக்குக்கு வருகிறார். பலருக்கு இது வயதோடு வருவது, பயமில்லை. இவருக்கோ நாளுக்கு நாள் பார்வை மங்குகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. வைத்தியர் உள்ளே பார்த்தால் வெண்ணிறப் பொடி மிதக்கிறது. அவை கலங்கள். உடம்பின் எதிர்ப்புப் படையின் வெண்கலங்கள்போலத்தான் தெரிகின்றன. கண்ணுக்குள் அழற்சி என்று எழுதி ஸ்டீரொய்ட் கொடுக்கிறார்கள். கொஞ்சம் தெளிகிறது. சில மாதம் கழித்து அதே அம்மா, "மருந்து விடேக்க தெளியுது, நிப்பாட்டினாத் திரும்பப் புகார் மாதிரி மூடுது" என்கிறார்.

இந்த ஒரு தோற்றத்துக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறிக் கண்ணைத் தாக்குவது ஒன்று. இதற்கு ஸ்டீரொய்ட்தான் மருந்து. காசநோய்க் கிருமியோ பங்கசோ வைரசோ உள்ளே குடியேறியிருப்பது இரண்டாவது. இதற்குத் தனியாக ஸ்டீரொய்ட் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மூன்றாவது லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று. ஸ்டீரொய்ட் இந்தப் புற்றுக் கலங்களில் ஒரு பகுதியைக் கொல்லும். நோய் மாறிவிட்டது என்ற பொய்யான ஆறுதலை அது தரும். மிச்சக் கலங்கள் பெருகியபடியே இருக்கும். அழற்சியின் வேடத்தில் இப்படி வருவதால் வைத்தியர்கள் இதை முகமூடி நோய் என்ற பொருளில் அழைக்கிறார்கள். சரியான பெயர் கிடைக்க மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகிவிடுவதுண்டு.

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் தெரியாது. இரத்தத்துக்கும் கண்ணின் உட்பகுதிக்கும் இடையே இறுக்கமான தடுப்பு இருக்கிறது. இரத்தத்தில் திரிவதெல்லாம் கண்ணுக்குள் போவதில்லை. கண்ணுக்குள் நடப்பதெல்லாம் இரத்தத்தில் தெரிவதுமில்லை. அதோடு நம் நாடுகளில் காசநோய்க் கிருமியை வாழ்வில் எப்போதோ சந்தித்தவர்கள் ஏராளம். பூனையிலிருந்து வரும் டொக்சோபிளாஸ்மாவும் அப்படித்தான். கையில் போடும் காசநோய்த் தோற்சோதனை தடித்துவிட்டது என்பதற்காகக் கண்ணில் இருப்பது காசநோய்தான் என்று சொல்லிவிட முடியாது. கண்ணைப் பற்றிய கேள்விக்குக் கண்ணிலிருந்தே பதில் வர வேண்டும்.

அந்தப் பதில் இருக்குமிடம் பெரும்பாலும் கண்ணாடியுடனீர். பாடசாலையில் கண்ணின் படம் வரைந்த எல்லோரும் பெயர் குறித்த பகுதிதான். வில்லைக்குப் பின்னால் விழித்திரை வரைக்கும் கண்ணை நிரப்பியிருக்கும் தெளிந்த பாகு அது. அளவு ஏறக்குறைய 4 மில்லிலீற்றர். இளம் நுங்கின் சதையைப் போல நீரும் உருவமும் சேர்ந்த ஒரு பொருள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் நீர். மிகுதி, கண்ணுக்குத் தெரியாத கொலாஜன் இழைகளும் அவற்றுக்கிடையே நீரைப் பிடித்து வைக்கும் ஹையலுரோனிக் அமிலமும். அந்த இழைகள் விழித்திரையோடு ஒட்டியிருப்பதில்தான் ஆபத்து. பாகை வெறுமனே இழுத்தால் விழித்திரையும் கூடவே கிழிந்து வரும். கண்புரைச் சத்திரசிகிச்சையில் தவறிப்போய் இந்தப் பாகு வெளியே வழிந்தால் அந்தக் காலத்துச் சத்திர வைத்தியர்கள் நடுங்கினார்கள். இதைத் தொட்டால் கண் போய்விடும் என்பதே பாடமாக இருந்தது.

1960களில் மயாமியில் டேவிட் கஸ்னர் என்ற வைத்தியர் இந்தப் பயத்தை முதலில் உடைத்தார். கண்ணை முன்பக்கமாகத் திறந்து, பாகைப் பஞ்சில் ஒற்றித் தூக்கிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். கண் பிழைத்தது. அதை அருகிருந்து பார்த்தவர் ஜேர்மனியிலிருந்து அங்கே போயிருந்த றொபேட் மாக்கெமர். கண்ணைத் திறக்காமலே இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. இழுக்கக் கூடாது, வெட்டிக்கொண்டே உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிய அளவுக்கு உள்ளே நீரும் போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் சுருங்கிவிடும். இந்த மூன்றையும் ஒரே குழாயில் சேர்க்க வேண்டியிருந்தது. முட்டை வெள்ளைக்கருவை வைத்துப் பழகிப் பார்த்தார். பொறியியலாளர் ழான்-மரி பரெல் கருவியை வடிவமைத்தார். 1970 ஏப்ரல் 20 அன்று நீரிழிவால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை மறைந்த ஒருவருக்கு மாக்கெமர் அதைப் பயன்படுத்தினார். மூடிய கண்ணுக்குள் நடந்த முதல் கண்ணாடியுடனீர் அகற்றல் அது.

அகற்றிய பாகை அன்று பெரும்பாலும் கழிவாகத்தான் எண்ணினார்கள். அந்தக் கழிவில்தான் நோயின் பெயர் எழுதியிருக்கிறது என்ற எண்ணம் மெல்லத்தான் வலுப்பெற்றது. என் வரையில், கருவி பிறந்ததைவிட இந்த எண்ணம் பிறந்தது பெரிய காரியம்.

இன்றைய சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கருவிழியின் ஓரத்திலிருந்து 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் தள்ளி, வெண்விழியில் மூன்று துளைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் அகலம். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. அந்த 4 மில்லிமீற்றருக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் போனால் வில்லையில் படும், பின்னால் போனால் விழித்திரையில் படும். நடுவே, இரண்டுக்கும் சேதமில்லாத ஒடுங்கிய பட்டி ஒன்றிருக்கிறது. அந்தப் பட்டி இல்லாதிருந்தால் கண்ணைத் திறக்காமல் உள்ளே போக வழியே இருந்திராது.

ஒரு துளை நீர் செலுத்துவதற்கு, ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றது வெட்டி உறிஞ்சும் கருவிக்கு. நோயறிவதற்காகச் செய்யும்போது முறை மாறுகிறது. நீர்க்குழாயைப் பொருத்திவிட்டு, திறக்காமல் வைத்திருக்கிறார்கள். நீர் கலந்தால் மாதிரி ஐதாகிவிடும் அல்லவா? வெட்டும் கருவியின் குழாயில் ஒரு சிரிஞ்சைப் பூட்டி, உதவியாளர் கையாலேயே மெதுவாக இழுக்கிறார். சத்திர வைத்தியர் உள்ளே கண் வைத்தபடி, எங்கே பொடி அடர்ந்திருக்கிறதோ அங்கே கருவியை நிறுத்துகிறார். கண் இளகத் தொடங்கும். ஒரு மில்லிலீற்றர் அளவு சேர்ந்ததும் போதும் என்பார். அப்போதுதான் நீரைத் திறப்பார்கள். நவீன கருவிகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை வெட்டக்கூடியவை. இங்கே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் தேடும் கலம் துண்டு துண்டானால் அதை அடையாளம் காண முடியாது. அதன்பின் நீர் கலந்து வருகிற மிச்சப் பாகையும் வீசுவதில்லை. அதையும் சேர்த்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

எடுத்த பாகு மறுபடி ஊறுவதில்லை. கண்ணின் முன்பகுதியில் சுரக்கும் நீர் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது, பார்வைக்கு அது போதும். ஆனாலும் இந்தச் சத்திரசிகிச்சைக்கு விலை இருக்கிறது. கண்புரை சீக்கிரமே வரும். சிலருக்கு விழித்திரை கழன்றுவிடலாம். ஆகவே முதலில் இலகுவான வழிகளைத்தான் பார்க்கிறார்கள். அந்த முன்பகுதி நீரில், அதாவது முன்னறையின் நீர்மயவுடனீரில், 0.1 மில்லிலீற்றரை மெல்லிய ஊசியால் எடுப்பது அவற்றில் ஒன்று. விழித்திரையை நாட்கணக்கில் தின்றுவிடும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரசுகளை அந்தத் துளியே பிசிஆரில் காட்டிக்கொடுத்துவிடும். கொவிட் காலத்துக்குப் பிறகு பிசிஆரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பற்றீரியா புகுந்து கண் சீழ்பிடித்தால் ஆராய நேரமே கிடையாது. மாதிரியை எடுத்த அதே மேசையில் வன்கொமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டசிடிம் 2.25 மில்லிகிராமும் கண்ணுக்குள் செலுத்தப்படும். அறிக்கை பிறகு வரட்டும். 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இப்படிப்பட்ட 420 பேரைப் பார்த்தது. வெளிச்சம் மட்டுமே தெரியும் அளவுக்குப் பார்வை இழந்தவர்களுக்கே உடனடி முழு அகற்றல் பெரும் பலன் தந்தது. அதைவிட நல்ல பார்வை உள்ளவர்களுக்கு ஊசியால் மாதிரி எடுத்து மருந்து செலுத்தினாலே போதுமாக இருந்தது. எந்தக் கண்ணுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அளந்து சொன்ன ஆய்வு அது.

இனி மதுரைக்கு வருவோம். 1993 இன் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் கடும் வெள்ளம். 1994 இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் அழற்சியோடு வந்தவர்களின் தொகை திடீரென்று கூடியது. வைத்தியர் எஸ். ஆர். இரத்தினமும் குழுவினரும் அந்த எழுச்சியில் 73 நோயாளிகளை விவரித்தார்கள். என்ன காரணம்? கண்ணின் முன்னறை நீரை எடுத்துப் பிசிஆர் செய்தபோது எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவின் டிஎன்ஏ அகப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் கால் வைத்தவர்களுக்குக் காய்ச்சல் வந்து மாறியபின், கிழமைகளோ மாதங்களோ கழித்துக் கண் மங்கியிருக்கிறது. காய்ச்சலையும் கண்ணையும் நோயாளிகள் இணைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. துளிதான் இணைத்தது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலும் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. வெள்ளம் வடிந்த வயல்களில் வேலை செய்யும் நம்மவர்கள், காய்ச்சல் மாறிப் பல மாதமான பின்னும் கண் மறைத்தால், எலிக்காய்ச்சல் வந்து போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அதே இரத்தினம் குழுவினர் தென்னிந்தியக் கிராமங்களின் சிறுவர்களிடம் இன்னொன்றையும் கண்டார்கள். குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் பிள்ளைகளின் கண்ணில் வெண்ணிற முடிச்சுகள். காசநோயோ என்று சந்தேகப்படத்தக்க தோற்றம். வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது தட்டைப்புழு வகையொன்றின் அடையாளம் தெரிந்தது. சென்னையின் சங்கர நேத்ராலயாவில் எச். என். மாதவனும் சகாக்களும் இளைஞர்களின் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசியச் செய்யும் ஈல்ஸ் நோயை ஆராய்ந்தார்கள். 1880 இல் விவரிக்கப்பட்டு, காரணம் பிடிபடாமலே கிடந்த நோய் அது. சத்திரசிகிச்சையில் அகற்றிய சவ்வுகளைப் பிசிஆரில் சோதித்தபோது ஒரு பகுதியினரிடம் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ கிடைத்தது. உயிருள்ள கிருமி அங்கே இருந்ததா, அதன் மிச்சம் மட்டும் இருந்ததா என்ற வாதம் ஓயவில்லை. எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கண்ணின் தடுப்பு கிருமிக்கும் காவலாகிவிடும் என்பதை உலகம் அதிர்ச்சியோடு அறிந்தது எபோலா காலத்தில். சியரா லியோனில் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யப்போய் 2014 இல் தானே எபோலாவுக்கு ஆளாகி அத்லாந்தாவில் பிழைத்த வைத்தியர் இயன் குரோசியர். அவருடைய இரத்தம் சுத்தமான பின் கண் அழன்றது. முன்னறை நீரை எடுத்தால் அதில் உயிருள்ள எபோலா வைரசு! நீலமாக இருந்த அவரது கதிராளி கொஞ்ச நாளைக்குப் பச்சையாக மாறியிருந்தது. 2016 இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் இன்னொரு வழியை விவரித்தார்கள். எந்தக் கிருமி என்று முன்கூட்டியே சந்தேகப்பட்டுத் தேடாமல், துளியில் இருக்கும் மரபணு எழுத்துகள் அத்தனையையும் வாசித்துவிடுவது. பதினாறு ஆண்டுகளாகக் காரணம் தெரியாமல் கண் அழற்சியால் அவதிப்பட்ட ஒருவரிடம் ருபெல்லா வைரசை அது கண்டுபிடித்தது.

லிம்போமாவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் தெல்லிப்பழையைத் தொடுவது அதுதான். கண்ணில் தொடங்கும் லிம்போமா அரிது. ஆனால் அது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணில் மட்டும் கண்டவர்களில் பெரும்பாலானோருக்கு, சில ஆண்டுகளுக்குள் மூளையிலும் அது தோன்றுகிறது. கண்ணில் பிடித்தால் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் கவனித்துக்கொண்டிருக்கலாம், அழற்சி என்று ஏமாந்தால் முதல் அறிகுறி வலிப்பாகவோ குணமாற்றமாகவோ வரும். இந்தக் கண் துளியின் பெறுமதி அங்கே இருக்கிறது.

இந்தப் புற்றுக் கலத்தைப் பிடிப்பது எளிதன்று. பெரிய உட்கரு, ஒழுங்கற்ற விளிம்பு, சொற்பமான குழியவுரு. கண்ணுக்கு வெளியே வந்தால் சீக்கிரம் சிதையும். ஸ்டீரொய்ட் எடுத்துக்கொண்டிருந்தால் எஞ்சிய கலங்களும் சொற்பம். ஆகவே மாதிரி எடுப்பதற்குச் சில கிழமை முன்பே வைத்தியரின் மேற்பார்வையில் ஸ்டீரொய்டை நிறுத்திவிடுகிறார்கள். பார்வை இன்னும் மங்கும். நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சிலவேளை அறிக்கை வெறுமையாக வரும். அதற்காக நோய் இல்லை என்றாகிவிடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுக்க வேண்டிவரலாம்.

கலம் சிதைந்தாலும் அது விட்டுச்செல்லும் தடயங்கள் உண்டு. இன்டலூக்கின்-10 என்ற புரதம் இன்டலூக்கின்-6 ஐ விட மிகுந்திருந்தால் அழற்சியைவிடப் புற்றின் மேல் சந்தேகம் கூடும். மைடி88 எனும் மரபணுவில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மாறியிருப்பது இந்த நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் காணப்படுகிறது. முன்னறையின் 0.1 மில்லிலீற்றரிலேயே அந்த மாற்றத்தைத் தேடிப்பிடிக்கும் முறைகளும் வந்துவிட்டன.

ஆனால் பிள்ளைகளின் கண்ணில் இந்த நியாயம் தலைகீழாகிறது. சிறு குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால், புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னினால், அது விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். அங்கே ஊசி குத்தக் கூடாது. குத்திய வழியே கலங்கள் வெளியே பரவினால், கண்ணுக்குள் அடங்கியிருந்த, உயிர் காக்கக்கூடிய நோய் கைமீறிவிடும். ஆகவே இந்தப் புற்றில், அறிக்கை இல்லாமலே, ஸ்கானையும் கண்காட்டியையும் அனுபவத்தையும் நம்பி வைத்தியம் தொடங்குகிறார்கள். தவறும் நேரலாம். 1950 இல் வொஷிங்டனில் ஹெலனர் வைல்டர் என்ற ஆய்வாளர், பெரும்பாலும் புற்று என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட 46 கண்களைச் சீவிப் பார்த்தார். 24 இல் இருந்தவை புழுக் குடம்பிகள். நாயின் உருண்டைப்புழு அது என்று பின்னர் தெரிந்தது. அந்தக் கண்களை நினைத்தால் மனம் கலங்குகிறது. அன்றைய வைத்தியர்களிடம் வேறு வழியும் இருக்கவில்லை. 2017 இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஜெசி பெரியும் குழுவினரும் ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளின் முன்னறை நீரில் புற்றின் டிஎன்ஏ மிதப்பதைக் காட்டினார்கள். அவர்கள் மாதிரி எடுத்தவை ஏற்கனவே சிகிச்சையில் இருந்த அல்லது அகற்றப்பட்ட கண்கள். பழைய தடை அப்படியேதான் இருக்கிறது.

பெரியவர்களின் கண்ணில் லிம்போமா உறுதியானால் மெத்தோட்ரெக்ஸேற் 0.4 மில்லிகிராமை 0.1 மில்லிலீற்றர் நீரில் கரைத்துக் கண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செலுத்துவது ஒரு வழி. மூளைக்காக அதே மருந்தை நரம்பு வழியாகப் பெரும் அளவில் ஏற்றுவதும் உண்டு. கண் வைத்தியரும் புற்றுநோய் வைத்தியரும் ஒரே நோயாளியை மாறி மாறிப் பார்க்க வேண்டிய நோய் இது.

தெல்லிப்பழையிலிருந்து கொழும்பு தரைவழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நோயாளி இரவு பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம். கண்ணிலிருந்து எடுத்த கலங்களுக்கு அந்தப் பயணம் ஆகாது. ஒரு மணித்தியாலத்துக்குள் நோயியல் நிபுணரின் கைக்குப் போவதுதான் நல்லது. தவறினால் உடனே தகுந்த பாதுகாப்புத் திரவத்தில் இட வேண்டும். டிஎன்ஏ உறுதியானது. ஐஸ் பெட்டியில் வைத்தால் ஓர் இரவுப் பயணத்தைத் தாங்கும். வடக்கில் இப்படியொரு சேவையைத் திட்டமிடுபவர்கள் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே போட வேண்டும். கலத்தைப் பார்ப்பதற்குப் பயிற்சி பெற்ற கண்கள் கிட்டவே வேண்டும். மரபணுவை வாசிக்கும் இயந்திரம் தூரத்தில் இருக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முதல்நாளே ஆய்வுகூடத்தோடு பேசி, நாளை காலை எத்தனை மணிக்கு மாதிரி வரும், யார் பொறுப்பெடுப்பது, எதை முதலில் சோதிப்பது, ஒரு மில்லிலீற்றரை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று முடிவு செய்துகொண்ட பிறகே சத்திரகூடத்துக்குள் நோயாளியைக் கொண்டுபோக வேண்டும்.